களத்து மதிலுக்கு மின்வேலி: ஊராட்சிக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: காங்கேயத்திலிருந்து ஊதியூர் போகும் வழியில் ஒன்றரை ஏக்கரில் கொப்பரைக் களமும் குடோனும் வைத்திருக்கிறேன். கொப்பரை விலை ஏறியதிலிருந்து மூன்று முறை திருட்டுப் போய்விட்டது. பின்பக்க பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்கால் கரை வழியாக வந்து, நாலடி மதிலைத் தாண்டி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மதில்மேல் கரண்ட் வேலி போட்டுத் தருவதாகக் கோவையிலிருந்து ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ‘எதுக்கு அவ்வளவு செலவு, ராத்திரிக்கு மட்டும் மோட்டார் ரூமில் இருந்து ஒரு ஒயர் இழுத்துக் கம்பியில் கொடுத்துட்டாப் போதும்’ என்கிறார் மாமனார். இதற்குள் முன்பக்க இட்டேரிக்கு (வேலிகளுக்கு நடுவே போகும் ஊர்ப்பாதை) எதிரே ஆடு வளர்க்கும் அம்மா ஊராட்சியில் மனுக் கொடுத்துவிட்டார். யாரிடம் அனுமதி பெற்றீர்கள், 7 நாளில் விளக்கம் தரவும் என்று கடிதம் வந்திருக்கிறது. இன்னும் ஒரு கம்பிகூடக் கட்டவில்லை. என் இடத்துக்குள் நான் வேலி போட ஊராட்சிக்கு என்னங்க? அனுமதி வேண்டுமென்றால் எந்த ஆபீசுக்குப் போவது? பெயர் வேண்டாம்.

பதில்: வணக்கங்க. நீங்கள் அனுப்பிய கொட்டேஷனும் போட்டோக்களும் கிடைத்தன. கொட்டேஷனையும் ஊராட்சிக் கடிதத்தையும் அப்புறம் பார்ப்போம். முதலில் மாமனார் சொன்ன யோசனை. இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு அதை விட்டுவிடுங்கள். பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வயலில் எலிக்கும் கடலைக்காட்டில் பன்றிக்கும் அப்படிக் கம்பி கட்டிய ஆட்களை அவர் பார்த்திருப்பார். மறுநாள் காலையில் தண்ணீர் கட்டப் போய் அதே கம்பியில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லைனில் வரும் 230 வோல்ட் நிற்காமல் ஓடும் மின்சாரம். வேர்த்த கையோடு தொட்டவர் உடம்பு வழியாக 100 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய அது தாராளம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசை இறுகிப்போய்க் கம்பியை விட முடியாது. 30-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். ‘கரண்ட் பிடிச்சு இழுத்துக்கிச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். திருடன் வருவது என்றைக்கோ ஒரு நாள். உங்கள் களத்து ஆட்கள் தினமும் அந்த மதிலோரம் தார்ப்பாயை உதறிக் காயப்போடுகிறார்கள். ஒருநாள் விடிகாலையில் சுவிட்சை அணைக்க மறந்தால் யார் கை அதில் படும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, திருட வந்தவனே மாட்டினான் என்று வைத்துக்கொள்வோம். என் இடம், என் பொருள் என்று கோர்ட்டில் சொல்ல முடியாதா? முடியாதுங்க. பீகாரில் ஒருவர், அக்கம்பக்கத்தார் தன் கழிப்பறைக்கு வருவதைத் தடுக்க, போகும் வழியில் செம்புக் கம்பியைக் கட்டி வீட்டு லைனிலிருந்து மின்சாரம் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண் தொட்டு இறந்துபோனார். சொத்தைக் காக்கும் உரிமை எனக்கு உண்டு என்று அவர் வாதாடியதை உச்ச நீதிமன்றம் 1963-லேயே ஏற்கவில்லை. அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவருக்கு இப்படி நேரடியாகத் தீங்கு வைக்க இடத்துக்காரருக்கு உரிமை வந்துவிடாது என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தது. இன்றைக்கு அதே காரியம் நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு வரும், 5 ஆண்டு வரை சிறை. சாவு வரும் என்று தெரிந்தே கட்டினார் என்று ஆகிவிட்டால் 105-ஆம் பிரிவு. அதற்குத் தண்டனை இன்னும் கடுமை.

போதாததற்கு மோட்டார் ரூம் இணைப்பு இலவச விவசாய இணைப்பாகத்தான் இருக்கும். அதிலிருந்து வியாபாரக் களத்துக்கு ஒரு விளக்குப் போட்டாலே மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். கொக்கி போட்டு எடுத்ததாக முடிவானால் 135-ஆம் பிரிவில் மின்திருட்டு. மாமனாரிடம் சட்டம் பேசினால் எடுபடாது என்றால் இந்த இரண்டு மடங்கைச் சொல்லிப் பாருங்கள்.

இனி கோவைக்காரர் கொட்டேஷன். அவர் போடப் போவது பேச்சு வழக்கில் ‘கரண்ட் வேலி’தான், ஆனால் முழுக்க வேறு சாமான். நடுவில் எனர்ஜைசர் என்று ஒரு பெட்டி. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், சோலார் பலகை வைத்தும் ஓட்டலாம். கம்பியில் அது ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும். கேட்டதும் 230-ஐவிட இது மோசமாயிற்றே என்று தோன்றும். விஷயம் வோல்ட்டில் இல்லை, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதில் இருக்கிறது. மின்வேலிப் பெட்டிக்கென்று ஐ.எஸ். 302-2-76 என்று ஓர் இந்தியத் தரம் உண்டு. சர்வதேச ஐ.இ.சி. 60335-2-76-ஐ ஒட்டியது. அதன்படி ஒரு துடிப்பு 10 மில்லி செகண்டுக்கு மேல் நீளக் கூடாது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நொடியாவது இருக்க வேண்டும். 500 ஓம் சுமை வைத்துச் சோதிக்கும்போது ஒரு துடிப்பில் 5 ஜூலுக்கு (ஆற்றலின் அளவு) மேல் வெளிவரக் கூடாது. தொட்டால் ஓர் அடி விழும், அடுத்த அடி வருவதற்குள் கை தானாகவே பின்னால் வந்திருக்கும். மின்வேலித் தொழிலில் நான் பலமுறை வாங்கியிருக்கிறேன். முழங்கை முட்டியில் உலக்கையால் ஒரு தட்டுத் தட்டிய மாதிரி இருக்கும். நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்த ஆட்களைக் கிட்டவே விடாதீர்கள். சோதிக்க இரண்டு விரல் தடிமனில் டெஸ்டர் விற்கிறது, கம்பியில் வைத்தால் எத்தனை கிலோவோல்ட் என்று காட்டிவிடும்.

பெட்டி வாங்குமுன் பின்பக்கத் தகட்டைப் படித்துப் பாருங்கள். தர எண் இருக்க வேண்டும். ஜூல் கணக்கில் விற்பனையாளர்கள் ஒரு வித்தை செய்வார்கள். பெட்டிக்குள் சேமித்து வைக்கும் ஜூலைப் பெரிய எழுத்தில் போட்டு, கம்பிக்கு வெளிவரும் ஜூலைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வெளிவரும் ஜூல். ஒன்றரை ஏக்கருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 1,000 அடி. ஐந்து வரிசை கட்டினாலும் ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பிதான் வரும். அதற்கு ஒன்று, ஒன்றரை ஜூல் பெட்டி போதும் என்பது என் கணக்கு. மலையடிவாரத்து யானைவேலிக்குச் செய்த பெரிய பெட்டியை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசைப் போடுவதென்றால் அலாரம் உள்ள பெட்டிக்குப் போடுங்கள். கம்பியை வெட்டினாலோ மண்ணோடு சேர்த்துக் கட்டினாலோ சைரன் அடித்து உங்கள் போனுக்கும் தகவல் தரும். மூன்று தடவை வந்துபோனவர்களுக்கு உங்கள் களத்தில் எது எங்கே என்று தெரியும். அடிக்குப் பயந்து ஒருநாள் வராமல் இருப்பார்கள், மறுநாள் காய்ந்த மூங்கிலோடு வருவார்கள். ஊரை எழுப்புகிற சத்தத்துக்குத்தான் ஓடுவார்கள்.

அடுத்து உங்கள் நேர்க் கேள்வி, ஊராட்சிக்கு என்ன என்பது. ‘மின்வேலி லைசென்ஸ்’ என்று ஒரே கவுன்டரில் பணம் கட்டி வாங்கும் தாளை என் முப்பது வருஷத் தொழிலில் நம் பக்கத்து எந்த ஊராட்சியிலும் நகராட்சியிலும் நான் பார்த்ததில்லை. வெளிநாடுகளில் இதை நேராகவே எழுதிவைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு மின்வேலி. அங்கே 2012 அக்டோபரிலிருந்து வேலிக்கென்று தனிச் சான்றிதழ் உண்டு, சொத்துக் கைமாறும்போது அதைக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வணிக, தொழில் இடங்களில் போடலாம், குடியிருப்புப் பகுதியில் கூடாது. மின்சாரம் இல்லாத வேலி ஒன்று வெளியே நிற்க, அதற்கு உட்புறம்தான் மின்கம்பி வரலாம். படித்தபோது, இந்த ‘உட்புறம்’ ஒன்றையாவது நாமும் எழுதிவைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் அதிகாரம் நாலு ஆபீசில் சிதறிக் கிடக்கிறது. ‘யாரும் கேட்க மாட்டாங்க’ என்று ஆட்கள் தைரியமாக இருப்பது இதனால்தான். ஒரு விபத்து நடந்த மறுநாள் நாலு பேரும் ஒன்றாக வந்து நிற்பார்கள்.

ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அவர்கள் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் மதில் அவர்கள் பார்வையில் வருகிறது, மதிலை ஒட்டிய இட்டேரி வருகிறது, இட்டேரியில் நடந்துபோகிற ஆளும் ஆடும் வருகிறார்கள். பொதுப்பாதைக்கு ஆபத்து என்று மனு வந்தால் விசாரிக்காமல் இருந்தால்தான் தப்பு. ஊராட்சி சும்மா இருந்துவிட்டாலும், அந்த அம்மா வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) போனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில், பழைய 133-தான், பொதுத் தொல்லையை அகற்று என்று உத்தரவு வர வழி இருக்கிறது. கம்பி கட்டுவதற்கு முன்பே ஊராட்சி கேட்டது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். கட்டின பிறகு கேட்டிருந்தால் அவிழ்க்கும் கூலியும் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும்.

மின்வாரியத்திடம் தனி அனுமதி என்று அலைய வேண்டாம். பெட்டியின் சார்ஜரைக் களத்து வணிக இணைப்பில் செருகுங்கள், விவசாய இணைப்பில் வேண்டாம், அவ்வளவுதான். வேலையை லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரர் செய்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். விபத்து என்று வந்தால் விசாரிப்பது மின் ஆய்வாளர். அவர் கேட்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

வனத்துறையை நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். காங்கேயத்தில் ஏது காடு என்று தோன்றும். ஆனால் ஊதியூர் மலை காப்புக்காடு. 2023-இல் அங்கே ஒரு சிறுத்தை பதுங்கிக்கொண்டு ஆடுகளைத் தூக்கியது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புது மின்வேலி போட முன்அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும், மேலே சொன்ன அதே 302-2-76 தரத்தில் இருக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் தோட்டத்துச் சட்டவிரோத மின்கம்பியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் லைனிலிருந்து நேராகக் கொடுத்த மின்சாரம்தான்.

விதி விவசாய நிலத்துக்குத்தானே, என்னுடையது வியாபாரக் களமாயிற்றே என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டாம். களத்தைச் சுற்றித் தென்னந்தோப்பு இருக்கும், நில ஆவணத்தில் இன்னும் புஞ்சை என்றே இருக்கும். போன் மேப்பில் உங்கள் மதிலிலிருந்து ஊதியூர் மலையடிவாரத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். 5 கிலோமீட்டருக்குள் வந்தால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெட்டிக்கு அட்வான்ஸ் தர வேண்டும்.

மதில் விஷயத்துக்கு வருகிறேன். கொட்டேஷனில் எனக்குப் பெரிய குறை இங்கேதான் பட்டது. நாலடி ஹாலோ பிளாக் மதில், அதன் தலையில் நேராக இரும்பு ஆங்கிள், அதில் ஐந்து வரிசைக் கம்பி என்று படம் போட்டிருக்கிறார். கீழ்க்கம்பி நாலேகால் அடியில் வரும். இட்டேரியில் போகிற பையன் கையைத் தூக்காமலே தொடுவான், ஆடு முன்னங்காலை மதிலில் வைத்து எக்கினால் மூக்குப் படும். பாதுகாப்பு மின்வேலிக்கு வெளிப்பக்கம் தெரியாமல் கை படாதபடி ஒரு தடுப்பு வேண்டும், அது 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தரம் சொல்கிறது. நம் கணக்கில் ஐந்தடி. உங்கள் மதிலில் இன்னும் இரண்டு வரி பிளாக் ஏற்றினால் ஐந்தடி நாலங்குலம் ஆகிவிடும். ஆங்கிளை மதில் தலையில் நட்டுக்குத்தாக வைக்காமல், உள்பக்கச் சுவரில் போல்ட் போட்டு உள்ளே சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். வெளியே இருந்து வருகிறவன் மதில்மேல் ஏறி உள்ளே எட்டினால்தான் கம்பி கைக்கு வர வேண்டும். கொத்தனார் செலவு கூடும்தான். பெட்டியில் மிச்சம் பிடித்த காசை இதில் போடுங்கள்.

மதிலை ஏற்றுமுன் அது யார் இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. நம் ஊர் இட்டேரிகள் இருபக்கமும் கிளுவை என்ற முள்மர உயிர்வேலியாக இருந்தவரை ஒரு முழம் அந்தப் பக்கம், ஒரு முழம் இந்தப் பக்கம் என்று யாரும் அளக்கவில்லை. வேலியை வெட்டி மதில் வைக்கும்போது கிளுவை நின்ற இடத்துக்கு வெளியே அஸ்திவாரம் போட்டவர்கள் நிறையப் பேர். புலப்படம் (நில அளவைப் படம்) வாங்கி சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் வாய்க்கால் கரையும் அரசு நிலம், ஆங்கிள் ஒரு அங்குலம்கூட அந்தப் பக்கம் நீளக் கூடாது. அந்த அம்மாவின் மனுவில் பாதி இந்த இட்டேரி அகலத்தைப் பற்றியதாக இருக்கும் என்பது என் சந்தேகம். மனு நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பின்பக்க மூலையில் இன்னும் கிளுவை நிற்பது போட்டோவில் தெரிகிறது. அதை வெட்டாதீர்கள். கிளை கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு ஒழுகும், அதனால் கம்பிப் பக்கம் மட்டும் கவாத்துப் பண்ணுங்கள். நன்றாக அடர்ந்த கிளுவை வேலிக்குள் மூட்டையோடு புகுந்து வெளியே வந்த திருடனை நான் கேள்விப்பட்டதில்லை.

முள்கம்பி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் குடோனில் அலாரம் காரணமில்லாமல் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். இருட்டிய பிறகு போனேன். மதிலோரம் நின்றால் நொடிக்கொரு தரம் ‘டிக், டிக்’ என்று சத்தம், மூலையில் நீலமாக ஒரு பொறி. இன்சுலேட்டர் வெடித்து, மின்கம்பி பழைய முள்கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. அதற்கு எர்த் கொடுக்காமல் விட்டிருந்தார்கள், முள்கம்பி மொத்தமும் வேலியாகியிருந்தது. வாட்ச்மேன் தினமும் துண்டு காயப்போடுகிற இடம் அது. முள்கம்பியில் மின்சாரம் கூடவே கூடாது என்று தரத்தில் இருப்பதற்குக் காரணம் எளிது. சட்டை மாட்டிக்கொண்டால் கையை எடுக்க முடியாது, ஓர் அடியோடு போக வேண்டியது அடிமேல் அடியாகிவிடும். உங்கள் பின்மதிலில் இருக்கும் துருப்பிடித்த முள்கம்பியைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அந்தக் குடோனில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஆங்கிலத்தில், ஒன்றே ஒன்று, கேட்டுக்கு உள்ளே. தரம் கேட்பது வேறு: மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, 200 மில்லிமீட்டருக்கு 100 மில்லிமீட்டர் அளவுக்குக் குறையக் கூடாது, இரண்டு பக்கமும் தெரிய வேண்டும், 10 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, ஒவ்வொரு கேட்டிலும் ஒன்று வேண்டும். 1,000 அடிக்கு முப்பதுக்கு மேல் வரும். கொட்டேஷனில் ஆறு என்று போட்டிருக்கிறது. தமிழில் ‘மின்வேலி, தொடாதீர்’ என்றும், கை கம்பியைத் தொடும் படமும், உங்கள் போன் நம்பரும் போடுங்கள். களத்தில் வடநாட்டு ஆட்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தால் உள்பக்கப் பலகையில் இந்தியிலும் வேண்டும். அவர்கள் குழந்தைகள் விளையாடும் பக்கம், இரவில் கழிப்பறைக்குப் போகும் பக்கம், அங்கெல்லாம் உட்புறமும் மூன்றரை அடி தள்ளி ஒரு சின்னக் கம்பி வலை கட்டிவிடுங்கள். உள்ளே இருப்பவர்களை மறந்துவிட்டு வெளியே இருப்பவனுக்காக மட்டும் வேலி போடுகிற வழக்கம் நம் ஆட்களுக்கு இருக்கிறது.

எர்த் பற்றிச் சுருக்கமாக. வேலியின் எர்த்தும் கட்டடத்து எர்த்தும் குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், 10 மீட்டர் என்றால் இன்னும் நல்லது. காங்கேயத்து மேட்டாங்காட்டு மண் சித்திரையில் பாறையாகக் காய்ந்துவிடும், அப்போது ஒரு கம்பி எர்த் வேலைக்காகாது. இரண்டு மூன்று இறக்கி, தொட்டித் தண்ணீர் வழியும் பக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஒரே கம்பியில் இரண்டு பெட்டி ஒருநாளும் கூடாது. ஒரு பெட்டியின் துடிப்பு நிற்கும் இடைவெளியில் இன்னொன்று அடித்தால், கை எடுக்கக் கிடைக்கும் அந்த ஒரு நொடி போய்விடும்.

ஊராட்சிக்கு 7 நாளுக்குள் பதில் போக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதாதீர்கள், ‘என் இடம் என் உரிமை’ என்ற வரி வேண்டவே வேண்டாம். இப்படி எழுதலாம்:

“பார்வையில் கண்ட தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். எனது களத்தில் இதுவரை மின்வேலி எதுவும் அமைக்கப்படவில்லை. அமைக்க உத்தேசித்துள்ள வேலி ஐ.எஸ். 302-2-76 தரத்துக்கு உட்பட்ட எனர்ஜைசர் மூலம் மட்டுமே இயங்கும். மின்வாரிய இணைப்பிலிருந்து கம்பிக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கப்பட மாட்டாது. மின்கம்பிகள் அனைத்தும் மதிலின் உட்புறத்தில், பொதுப்பாதையிலிருந்து கைக்கு எட்டாத உயரத்தில் அமையும். மதிலை உயர்த்துவதற்கான வரைபடமும், எச்சரிக்கைப் பலகைகள் அமையும் இடங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இடத்தை நேரில் பார்வையிட்டு, தேவையான மாற்றங்களைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதில் பெற்ற பின்னரே பணி தொடங்கப்படும்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகச் சீலும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியை எழுதத் தயக்கமாக இருக்கும். எழுதுங்கள். வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. பதில் வராமல் இழுத்தால் ஒரு மாதம் பார்த்துவிட்டு, அதே பிரதியோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போகலாம்.

கடிதம் கொடுக்கப் போகும் அன்றைக்கே எதிரே இருக்கும் அம்மாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். படத்தைக் கொண்டுபோய், கம்பி எந்தப் பக்கம் வரும், பேரப்பிள்ளை கை நீட்டினால் எட்டுமா என்று காட்டுங்கள். ஆட்டுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்டால், நான்தான் என்று சொல்லிவிடுங்கள். அது எப்படியும் நீங்கள்தான். வேலை முடிந்த பிறகு ஒரு தடவை அவரையே வரச்சொல்லி டெஸ்டரை வைத்துக் காட்டுங்கள். ராத்திரி நாய் குரைத்தால் முதலில் எழுந்து பார்க்கிற ஆள் உங்கள் வாட்ச்மேனாக இருக்காது, அவராகத்தான் இருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. நீங்கள் அனுப்பிய போட்டோவில் வடக்கு மூலையில், மதிலுக்கு மேலே குறுக்காக மூன்று கம்பி தெரிகிறது. 11 கே.வி. லைன் மாதிரி இருக்கிறது. அப்படியானால் வேலியின் எந்தப் பாகமும் அந்த லைனுக்கு 4 மீட்டர் கிட்டே வரக் கூடாது. லைன் மேலே கடக்கிற இடத்துக்கு இருபுறமும் 5 மீட்டர் வரை வேலியின் உச்சி உலோகத்துக்கு எர்த் கொடுக்க வேண்டும். மதிலையும் இரண்டு வரி ஏற்றப்போகிறோம். நீங்களாகக் கொம்பை நீட்டி அளக்க வேண்டாம். மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்தால் லைன்மேன் வந்து உயரம் சொல்லுவார். அந்த அளவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அந்த மூலையில் வேலியை எங்கே நிறுத்துவது என்று அப்போது பார்க்கலாம்.